சரிந்து விழும் விசைப்பலகை

போன மாதம் பர்மா பஜாரில் கைபேசிக்கு ஒரு குட்டி கீபோர்டு வாங்கினேன். டப்பாவுக்குள் பல மொழிகளில் ஒரு தாள். கடைசி மூலையில் தமிழ்: ‘சரிந்து விழக்கூடிய விசைப்பலகையை வாங்கியமைக்கு நன்றி.’ காசு கொடுத்து வாங்கிய சாமான் முதல் வரியிலேயே சரிந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே ‘சரிந்து விழும்’ சாமானை ஒரு விளம்பரத்திலும், மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் திருத்தக் கொடுத்த கோப்பிலும் ஏற்கெனவே பார்த்திருந்தேன். மூன்றாவது முறை பொறுக்கவில்லை.

ஆங்கில மூலச்சொல் ‘கொலாப்சிபிள்’ (collapsible). லத்தீன் வேரில் ஒருசேர நழுவி விழுவது என்றுதான் பொருள். அந்த வகையில் தாளை எழுதியவர், ஆளோ இயந்திரமோ, லத்தீனுக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார். ஆனால் குடை, நாற்காலி, கட்டில் என்று வரும்போது ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு இடத்தை அடைக்காமல் ஒடுங்கிக்கொள்வது என்றுதான் அர்த்தம். கட்டடம் சரிவது வேறு, கட்டில் மடங்குவது வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் நூறு வருஷத்து வீட்டில் குடியிருக்கும் எனக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

‘விசைப்பலகை’ நல்ல சொல், அதில் சண்டை இல்லை. ஆங்கிலத்தில் பூட்டின் சாவிதான் வாத்தியத்துக்கும் தந்திக்கும் தட்டச்சுக்கும் போனது. நாம் அந்தச் சாவியை விட்டுவிட்டு, அமுக்கினால் திரும்ப எழும்பும் விசையைப் பிடித்துக்கொண்டோம். (‘சாவி’யே போர்த்துகீசியர் விட்டுப்போனது.) பேச்சில் ‘கீபோர்டு’ போதாதா என்றால், எங்கள் பக்கம் போதாது. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கீபோர்டு என்றால் முதலில் கானாக் கச்சேரி மேடைதான் நினைவுக்கு வரும். பஜார் கடைப் பையனே ‘வாசிக்கிறதா, டைப் அடிக்கிறதா சார்?’ என்றுதான் கேட்டான். டைப் அடிக்கிறது என்றதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்: ‘அண்ணே, மடக்கு கீபோர்டு ஒண்ணு!’

அவ்வளவுதான் விஷயம். சொல் அங்கேயே கிடக்கிறது: மடக்கு விசைப்பலகை. ஆனால் சொல்லாக்கக்காரர்கள் பஜார் பக்கம் வருவதில்லை. ‘சரிந்து விழும்’ தப்பு என்று சொன்னால் உடனே அவர்கள் நீட்டுவது ‘மடிக்கக்கூடிய விசைப்பலகை’. படித்தவர்கள் எழுதுவது, கேட்க மரியாதையாக இருப்பது. எனக்கு அதில்தான் கோபம் அதிகம்.

முதலில் அந்தக் ‘கூடிய’. ஆங்கிலத்தில் ஒரு விகுதியைப் பார்த்தால் போதும், கை தானாகக் ‘கூடிய’ போட்டுவிடுகிறது. கழுவக்கூடிய, பிரிக்கக்கூடிய, எடுத்துச்செல்லக்கூடிய. தூக்குவாளியைத் தூக்கக்கூடிய வாளி என்றா சொன்னோம்? ஊறுகாயை ஊறக்கூடிய காய் என்று எழுதிய ஜாடியில் கை விடுவீர்களா? வினையின் அடியைப் பெயரோடு ஒட்டவைத்துவிட்டுப் போவது தமிழுக்குக் கைவந்த கலை. வினைத்தொகை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, வேலைக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது மடிப்பதா, மடக்குவதா. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். காலை மடக்கி உட்காருகிறோம். வெற்றிலையை மடிக்கிறோம், விரலை மடக்கி எண்ணுகிறோம். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் சேலையை மடித்து அடுக்குவார்கள். அதே கடையின் வாசலில் ராத்திரி காவல்காரர் விரிப்பது மடக்குக் கட்டில். துணிக்கு எங்கே வேண்டுமானாலும் மடிப்பு விழும். மூட்டோ கீலோ இருக்கிற பொருள் அந்த இடத்தில்தான் மடங்கும். கத்தியும் கட்டிலும் முழங்காலும் அந்த ஜாதி, இந்த விசைப்பலகையும் அதே ஜாதிதான். பேப்பரை மட்டும் மடி என்றும் மடக்கு என்றும் சொல்கிறோம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மடக்குக் கத்தியை மடிப்புக் கத்தி என்று காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு ‘மடி’ கணினிக்காரர்களின் சொத்தாகிவிட்டது. அந்த மடி, குழந்தையைக் கிடத்தும் மடி. மூடி மடங்குவதால்தான் அந்தப் பெயர் என்று நினைக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இதில் ‘மடி விசைப்பலகை’ என்று வேறு சுருக்கினால் மடியில் வைப்பதா, மடிப்பதா? மடிந்தே போனதா என்றும் கேட்கலாம். மடக்குக்கும் பல பொருள் உண்டே என்று நண்பர் திருப்பிக் கேட்டார். உண்டு. ஒரு மடக்குத் தண்ணீர், போலீஸ் மடக்கிய வண்டி, செய்யுளில் ஒரே சொல் வேறு பொருளில் திரும்பி வரும் மடக்கணி. ஆனால் பலகைக்கு முன்னால் வைத்தால் எதுவும் குழப்புவதில்லை. அப்புறம் வலி மிகுமா மிகாதா என்று பிழை திருத்துபவர்கள் கட்டிப் புரளவும் வழியில்லை, ‘விசை’யின் வகரம் காப்பாற்றிவிடுகிறது.

இத்தனை பேசினாலும், ஒடுங்கும் விசைப்பலகை எல்லாமே மடக்கு இல்லை. இதுதான் ‘கொலாப்சிபிள்’ என்ற ஒற்றைக் குடைக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேடுபவர்கள் தடுமாறும் இடம். சிக்கல் விரலில் தொடங்குகிறது. கருவி எவ்வளவு சுருங்கினாலும் விரல் சுருங்காது. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர் வேண்டும். பத்து எழுத்து வரிசைக்கே 19 சென்டிமீட்டர். சட்டைப்பைக்குள் அது எப்படிப் போகும்? 1995இல் ஐபிஎம் திங்க்பேடு 701 என்ற மடிக்கணினி ஒரு வழி காட்டியது. 9.7 அங்குல அகலப் பெட்டிக்குள் 11.5 அங்குல விசைப்பலகை. பலகையைப் படிக்கட்டு மாதிரி இரண்டாக வெட்டி, மூடியைத் திறந்தால் துண்டுகள் நகர்ந்து அகலும்படி செய்தார் ஐபிஎம் பொறியாளர் ஜான் கரிடிஸ். வண்ணத்துப்பூச்சி என்று செல்லப்பெயர். அதில் மடக்கு எங்கே இருக்கிறது? அது விரி விசைப்பலகை. இடத்துக்குத் தக்கபடி விரிந்துகொடுக்கும் பலகை நமக்கு அந்நியமும் அல்ல. தகுதியுள்ள புலவர் வந்தால் நீண்டு இடம் கொடுத்ததாம் மதுரையின் சங்கப்பலகை.

பாம் நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளுக்கு வந்த ஸ்டோவவே என்ற விசைப்பலகை நான்கு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று படியும். அது அசல் மடக்கு. நான் வாங்கியது நடுவில் ஒரே கீல் வைத்தது. அதில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பைப் போட்டுத் தட்டும்போது ஒன்று கவனித்தேன். அந்த அமைப்பில் உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘வ’வும் ‘ங’வும் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆக, பலகையை மடக்கினால் உயிர் மெய்யின்மேல் போய்ப் படுத்துக்கொள்கிறது. இந்த அழகை ‘மடிக்கக்கூடிய’ என்று இழுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருப்பது பாய் மாதிரி உருட்டி வைக்கும் ரப்பர் ரகம். அதற்கு ‘சுருட்டு விசைப்பலகை’ என்று நண்பரின் கோப்பில் திருத்திக் கொடுத்தேன். திருச்சிச் சுருட்டு நினைவுக்கு வருகிறது என்று அடித்துவிட்டு, ‘சுருட்டக்கூடிய’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.