மாஸ்டர் கிளாஸ் – ஆசானரங்கு

தேர்ந்த கலைஞர் ஒருவர் கேட்போர் முன்னிலையில் மாணவர்களை வாசிக்கவைத்துத் திருத்தும் வகுப்புக்கு ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று பெயர். மேற்கத்திய இசை பற்றித் தமிழில் வரும் குறிப்புகளிலும் வசன வரிகளிலும் ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று வரும் இடமெல்லாம் ‘முதுநிலை வகுப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். 12 வயதுப் பையன் செல்லோவோடு (வயலின் குடும்பத்துப் பெரிய தந்திக் கருவி) மேடையேறுகிறான். கீழே வரி ‘முதுநிலை வகுப்பு’ என்கிறது. தமிழ்நாட்டில் முதுநிலை என்றால் எம்.ஏ., எம்.எஸ்சி. அந்தச் சொல் அங்கே ஆணியடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. அறிவிப்பைப் படிக்கும் பெற்றோர் ‘இது நம் பிள்ளைக்கில்லை’ என்று ஒதுங்கிவிடுவார்கள். யாருக்காக நடக்கிறதோ அவர்களையே வெளியே நிறுத்துகிற மொழிபெயர்ப்பு இது.

வேர் எளிது. லத்தீனில் ‘மகிஸ்தர்’ என்றால் ஆசான், தலைவன். ஆங்கில மாஸ்டர், ஜெர்மன் மைஸ்டர், இத்தாலிய மாயெஸ்ட்ரோ எல்லாம் அதன் பிள்ளைகள். பல்கலைக்கழகத்துக்குப் போன கிளை பட்டமானது. கைவினைஞர் பட்டறைக்குப் போன கிளை தொழிலில் கைதேர்ந்தவரைக் குறித்தது. இசைக்கு வந்தது இந்த இரண்டாவது கிளை. 1869 முதல் 1886இல் இறக்கும்வரை ஹங்கேரியப் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் ஜெர்மனியின் வைமார் நகரில் கோடைதோறும் நடத்திய பியானோ வகுப்புகளையே இன்றைய வடிவத்துக்கு முன்மாதிரியாகச் சொல்வது வழக்கம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். லிஸ்ட் கட்டணம் வாங்கவில்லை.

‘முதுநிலை’க்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. ஜெர்மனில் ‘மைஸ்டர்கிளாஸெ’ என்பது உயர்நிலைப் படிப்புதானே என்பார்கள். உண்மைதான். 1925இல் பெர்லினின் பிரஷ்யக் கலைக் கழகம் இசையமைப்பாளர் அர்னால்டு ஷோன்பெர்க்கிடம் ஒப்படைத்தது அப்படியொரு படிப்பு. அதில் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் அவரிடம் படித்தார்கள். ஆனால் வெளியூர்க் கலைஞர் வந்து ஓரிரு நாள் பாடம் சொல்லிவிட்டுப் போவதற்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் சொல் வேறு: ‘மைஸ்டர்குர்ஸ்’. இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றியது ஆங்கிலம். ஆங்கிலத்தின் குழப்பத்தை நாம் ஏன் தமிழுக்குள் சுமந்துவர வேண்டும்?

இலக்கணமும் அவர்களுக்கு உதவவில்லை. மாஸ்டர் கிளாஸ் என்பதில் மாஸ்டர் ஓர் ஆள். ஆசானது வகுப்பு, அதாவது ஆறாம் வேற்றுமைத் தொகை. ‘முதுநிலை வகுப்பு’ அந்த ஆளை அழித்துவிட்டு வகுப்புக்கு ஒரு படிநிலையை ஒட்டுகிறது. ‘முதன்மை வகுப்பு’ இன்னும் மோசம். இயந்திர மொழிபெயர்ப்பில் வந்து விழுந்ததைக் கைபடாமல் எடுத்துப் போட்டதுபோல் இருக்கிறது. ‘சிறப்பு வகுப்பு’ என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டபின் மாலை ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பது. ‘பயிலரங்கு’ நல்ல சொல், ஆனால் அதில் எல்லோரும் சேர்ந்து பயில்கிறார்கள். இங்கே நடப்பது அதுவல்ல.

இங்கே நடப்பது இதுதான். ஒரு மாணவருக்குப் பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம். பியானோ துணைக்கு ஒருவர் இருப்பார். இசைத்தாளின் தெளிவான படி ஒன்று, தாளக் கட்டங்களின் வரிசையைச் சொல்லும் அளவை எண்களோடு, ஆசானுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் ‘எங்கிருந்து?’ என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். மாணவர் முதலில் தடையில்லாமல் ஒரு பகுதியை வாசிப்பார். பிறகு ஆசான் இரண்டு மூன்று குறைகளை மட்டும் எடுத்துக்கொள்வார். பத்துக் குறைகளைச் சொன்னால் பிள்ளை மேடையிலேயே உறைந்துவிடும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக்கின் ஜி மைனர் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எடுத்துக்கொள்வோம். வயலின் நுழையும் முதல் ஸ்வரமே விரல் வைக்காத ஜி தந்தி, நீண்டு ஒலிக்க வேண்டும். பதற்றத்தில் மாணவர் வில்லின் முக்கால்வாசியை முதல் நொடியிலேயே செலவழித்துவிடுவார். வில் தீரத் தீர ஒலி மெலிந்து, ஸ்வரம் மலரவேண்டிய இடத்தில் வாடும். ஆசான் வில்லை, கைபிடிக்கும் அடிப்பக்கத்தில் மெல்ல நகர்த்தச் சொல்வார். வெறுந்தந்தியில் விரலதிர்வு (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிரவைக்கும் ‘வைப்ராட்டோ’) கொடுக்க முடியாது. அதனால் பக்கத்து டி தந்தியில், ஓர் எண்மம் (ஆக்டேவ்) மேலே இருக்கும் ஜி-யில் விரலை வைத்து அதிர்க்கச் சொல்வார். வில் படாத அந்தத் தந்தி பக்கத்துத் தந்தியின் அதிர்வுக்கு இரங்கித் தானே ஒலிக்கும், ஒலியில் உயிர் வரும். வாசித்த மாணவரோடு, கீழே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் அதைக் காதால் பிடித்துக்கொள்வார்கள். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1960இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடத்திய செல்லோ வகுப்புகள் படம்பிடிக்கப்பட்டதும் இந்தப் பொதுத்தன்மையால்தான்.

ஆகவே சொல்லுக்குள் ஆசானும் இருக்க வேண்டும், கேட்போர் அவையும் இருக்க வேண்டும். ‘ஆசானரங்கு’ இரண்டையும் தருகிறது. கவியரங்கு, கருத்தரங்கு என்று பழகிய காதுக்கு ‘அரங்கு’ என்றாலே கேட்போர் கூடியிருப்பது விளங்கும். ‘ஆசிரியர்’ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ‘குரு’ என்றால் பல ஆண்டு உறவு. ‘ஆசான்’ இன்றும் தென்மாவட்டச் சிலம்பக் களத்தில் உயிரோடு இருக்கும் சொல், கைத்திறனின் மணம் மாறாதது. ‘மாஸ்டர் கிளாஸ்’ என்றே எழுதுவோரிடம் எனக்குச் சண்டையில்லை. தப்பான தமிழைவிட நேரான கடன்சொல் மேல்.

சுற்றியுள்ள சொற்களும் திருந்த வேண்டும். அறிவிப்புகளில் ‘ஆடிட்டர்’ என்று வருவது வாசிக்காமல் கேட்க மட்டும் வருபவரை. லத்தீனில் ‘ஆவுதீரே’ என்றால் கேட்பது. அதைத் ‘தணிக்கையாளர்’ என்று பெயர்த்தால் வயலின் வகுப்புக்குக் கணக்குப் பார்க்க ஆள் வந்ததாகிவிடும். ‘கேட்போர்’ போதும். ‘ஸ்ட்ரிங் பிளேயர்ஸ்’ ‘சர வீரர்கள்’ அல்லர், தந்திக் கருவிக் கலைஞர்கள். வில்லால் வாசிப்பதால் ‘வில்லிசைக் கலைஞர்’ என்றும் எழுதக் கூடாது. அது வில்லுப்பாட்டுக்காரருக்கு உரிய பெயர்.

கலைஞர் அறிமுகக் குறிப்புகளில் இதே குழப்பம் பொய்யாகவே மாறுகிறது. அரை மணி நேரம் ஒருவர் முன் வாசித்ததை ‘அவரிடம் பயின்றார்’ என்று எழுதிவிடுகிறார்கள். பயில்வது ஆண்டுக்கணக்கு. ‘ஆசானரங்கில் அவர் முன் வாசித்தார்’ என்று எழுதலாம். கீழே உட்கார்ந்து கேட்டவருக்கு ‘கேட்டார்’.