கிரீக் தாம்சன் கட்டின வரிசை வீடும் ஒரு மூட்டை சிமெண்டும்

கிளாஸ்கோல பழைய கல்வீடுகளை சர்வே பண்றதுதான் என் வேலை. எனக்கு வர்ற போன்ல முக்கால்வாசி "சுவர்ல ஓதம் ஏறுது, கெமிக்கல் இன்ஜெக்‌ஷன் போட்டுடலாமா"ன்னு கேக்கறதுதான், அதாவது சுவரோட அடியில துளை போட்டு ஈரத்தைத் தடுக்கற மருந்தை ஏத்தறது. விக்டோரியா காலத்து வரிசை வீடு, அதுலயும் லிஸ்டட் வீடு (பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல்ல சேத்து சட்டப்படி பாதுகாக்கறது) வச்சிருக்கவங்க எதையும் போடறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இதைப் படிச்சிடுங்க.

மொதல்ல நம்ம கையில இருக்கறது என்னன்னு தெரியணும். கிளாஸ்கோவோட ஸ்ட்ராத்பங்கோ ஏரியால ரயில் பாதையப் பாத்தாப்புல மோரே பிளேஸ்னு ஒரு தெரு இருக்கு, அதுல 1ல இருந்து 10 வரைக்கும் உள்ள வீடுங்க அலெக்சாண்டர் தாம்சன்ங்கற கட்டடக் கலைஞரோட டிசைன், 1859-61ல கட்டினது, இப்ப கேட்டகிரி ஏ லிஸ்டிங், ஸ்காட்லாந்துல அதுக்கு மேல கிடையாது. கிரேக்கக் கோயில் பாணியில கட்டினதால அவரை ஊரே கிரீக் தாம்சன்னுதான் சொல்லும், ஆனா மனுஷன் கிரீஸுக்குப் போனதே இல்ல. வரிசையோட ரெண்டு கடைசியிலயும் முக்கோண நெத்தியோட ஒரு வீடு கோயில் முகப்பு மாதிரி முன்னாடி வந்து நிக்கும், நடுவுல மேல்மாடி முழுக்க ஒரே மாதிரி சதுரத் தூண், மொத்தம் 52, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நிக்காம ஓடும். மேல பாத்தா எந்த வீடு எங்க முடியுதுன்னு சொல்லவே முடியாது, அதுதான் அவரு வேணும்னே பண்ணது. 1ஆம் நம்பர்ல அவரே குடியிருந்தாரு, 1875ல அங்கயேதான் இறந்தாரு. பெரிய பணக்காரங்களுக்கு இல்ல, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டின ரெண்டு மாடி வீட்டுக்கு இவ்வளவு கம்பீரம் குடுத்திருக்காருன்னு எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கல.

அதனால இந்த மாதிரி வரிசையில உங்க வீடுன்னு தனியா ஒண்ணு கிடையாது, பத்து பேர் பங்கு போட்டுக்கிட்ட ஒரே கட்டடம் அது. ஒருத்தர் மர ஜன்னலைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினா, இன்னொருத்தர் கல்லு மேல பெயிண்ட் அடிச்சா, அந்த இடத்துல மொத்த முகப்பும் அறுந்துபோயிடும்.

இப்ப சிமெண்டுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுலதான். இந்த ஊர் மணற்கல் மழைத்தண்ணிய உறிஞ்சும், அப்புறம் காத்துல காய விடும், கல்லுக்கு நடுவுல இருக்கற சுண்ணாம்புக் கலவை கல்லை விட மென்மையா இருக்கறதால ஈரம் அது வழியாத்தான் சுலபமா வெளிய வரும், நாளாக நாளாக அந்தக் கலவை உதிரும், உதிரட்டும், திரும்பப் பூசிக்கலாம். ஆனா யாராவது "சார் ஸ்ட்ராங்கா பண்ணித் தர்றேன்"னு அந்த ஜாயிண்ட்ல சிமெண்ட் பாயிண்டிங் பண்ணிட்டா, அதாவது கல்லு இடுக்கை சிமெண்ட் வச்சுப் பூசிட்டா, ஈரத்துக்கு அந்த வழி அடைஞ்சிடும், கல்லோட முகம் வழியாவே வெளிய வரும், கூடவே உப்பும் வந்து உள்ளயே பூக்கும், குளிர்காலத்துல அந்த ஈரம் உறையும், கடைசில கல்லு பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டிட்டு சிமெண்ட் கோடு மட்டும் சட்டம் போட்ட மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். வெறும் சுண்ணாம்புல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை அப்ப கல்லையே வெட்டி மாத்தற வேலையா ஆயிடுது. கிளாஸ்கோவைக் கட்டின வெளிர்மஞ்சக் கல்லு வந்த ஜிஃப்நாக், பிஷப்பிரிக்ஸ் குவாரியெல்லாம் எப்பவோ மூடியாச்சு, பொருந்தற கல்லை வேற இடத்துலதான் தேடணும்.

நான் போய்ப் பாக்கற ஓதத்துல பெரும்பாலானது கீழ இருந்து ஏறுறதே இல்ல. மேல கட்டர்ல (கூரை ஓரத்து மழைத்தண்ணி வாய்க்கால்) இலை அடைச்சிருக்கும், அந்தத் தண்ணிய கீழ இறக்கற வார்ப்பிரும்பு டவுன் பைப் பின்பக்கமா வெடிச்சிருக்கும், இல்லன்னா சிமினி ஓரத்துல ஈயத்தகடு தூக்கியிருக்கும். மழை பெய்யும்போது வெளிய நின்னு அண்ணாந்து பாருங்க, தண்ணி எங்க வழியுதுன்னு அதுவே காட்டிடும். கெமிக்கல் இன்ஜெக்‌ஷனுக்கு இதுல எதையும் சரி பண்ண முடியாது.

சட்டத்தைப் பத்தியும் சொல்லிடறேன். லிஸ்டிங்னா வெளி முகப்பு மட்டும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, தப்பு, உள்ள இருக்கற சீலிங் கார்னிஸ் (சுவரும் கூரையும் சேர்ற இடத்து அலங்கார விளிம்பு), மாடிப்படி, கதவு எல்லாமே அதுல அடக்கம். கட்டடத்தோட தன்மைய மாத்தற வேலைக்கு கவுன்சில்கிட்ட லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வாங்கணும், வாங்காம பண்ணா அது கிரிமினல் குத்தம். போன ஓனர் பண்ணிட்டுப் போன வேலைக்கும் இப்ப வீடு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும், அதனால வாங்கும்போதே ஜன்னலுக்கெல்லாம் கன்சென்ட் பேப்பர் இருக்கான்னு லாயர்கிட்ட கேட்டு வாங்கிப் பாருங்க. குளிருதுன்னா மர ஜன்னலை ரிப்பேர் பண்ணி இடுக்கை அடைச்சு உள்பக்கம் செகண்டரி கிளேசிங் (ரெண்டாவதா ஒரு கண்ணாடி ஜன்னல்) போட்டுக்கலாம், நல்லாவே தாங்கும்.

இன்னொண்ணு, வேலைக்குக் கட்டற சாரத்தை (ஸ்கேஃபோல்டிங்) ஒத்த ஆளா போடாதீங்க. ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் பேசி கட்டர், சிமினி, பாயிண்டிங் மூணையும் ஒரே வாட்டியா, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார வச்சு, உறைபனி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கோடையிலயே முடிச்சிடுங்க. கொட்டேஷன்லயே "சிமெண்ட் கலக்கக்கூடாது"ன்னு எழுதி வாங்கிக்கங்க.