என்ன வேலை என்று கேட்காமலே வேலையைக் கண்டுபிடிக்கும் சோதனை

"என்ன ஆகப்போறே?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு வேலையின் பெயரைத்தான் சொல்கிறோம். பத்து வயதில் கலெக்டர், இருபத்தைந்து வயதில் டேட்டா சயின்ஸ். பதிலில் பொய் இல்லை. ஆனால் வேலைகளின் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்தப் பெயர் போகும்போது நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. தொழில் உளவியலாளர்கள் இதைச் சுற்றிப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வேலையின் பெயரைக் கேட்காமல் விருப்பங்களைக் கேட்கும் சோதனை.

1927இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். பாடங்கள், பொழுதுபோக்குகள், தொழில்கள், மனிதர்களில் பல ரகம் என்று நூற்றுக்கணக்கான விஷயங்களை அடுக்கி, ஒவ்வொன்றும் பிடிக்குமா, பிடிக்காதா, இரண்டும் இல்லையா என்று கேட்டார். சாமர்த்தியம் மதிப்பெண் போட்ட விதத்தில் இருந்தது. ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களிடமும் பொதுவான ஆட்களிடமும் அதே தாளைக் கொடுத்து, எந்தெந்த விடைகளில் இரு தரப்பும் பிரிகின்றன என்று பார்த்தார். எல்லோருக்கும் சினிமா பிடிக்கும் என்றால் அந்த விடைக்கு மதிப்பே இல்லை. ஊரில் பெரும்பாலோர் ஒதுக்கும் ஒன்று பொறியாளர்களுக்கு மட்டும் பிடித்திருந்தால் அதற்குத்தான் மதிப்பு. நம்மைப் பற்றி நமக்குப் பெரிதாகத் தெரியாத சின்னச் சின்ன விருப்பு வெறுப்புகள் இங்கே சாட்சி சொல்கின்றன.

அடுத்து வந்தவர் உளவியலாளர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை நேர்காணல் செய்யும் பணியில் இருந்தார். வேலைகள் எத்தனையோ இருந்தாலும், அவர்களுடைய வேலை வரலாறுகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதாக அவருக்குத் தோன்றியது. 1959இல் அதைக் கோட்பாடாக எழுதினார். அது பிறகு ஆறு வகைகளாக நிலைத்தது: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்களுக்கு உதவுவது, ஆட்களை நடத்தி வியாபாரம் செய்வது, ஒழுங்காகக் கணக்கும் பதிவும் வைப்பது. இந்த வரிசையில் அறுகோணமாக வைத்தால் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று நெருங்கியவை, எதிரெதிரே இருப்பவை தூரத்து உறவு. கலைக்கு நேர் எதிரே கணக்கு!

அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் சோதனை இதே ஆறு வகைகளில்தான் ஓடுகிறது. அதன் குறும்பதிப்பில் 60 வரிகள், வகைக்குப் பத்து. 'சமையலறை அலமாரி செய்வது', 'புதிய மருந்து உருவாக்குவது', 'பங்குகளை வாங்கி விற்பது' என்று எல்லாமே செயல்கள். அதற்கு எவ்வளவு படிக்க வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும் என்று யோசிக்காமல் பிடிக்குமா என்று மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். அந்த நிபந்தனை முக்கியம். சம்பளத்தை நினைத்த மாத்திரத்தில் நம் அப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ நமக்குப் பதிலாக விடை எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

மாறும் சந்தையில் இது எதற்குப் பயன்படும்? விருப்பங்கள் நாம் நினைப்பதைவிட நிலையானவை. பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005இல் வந்த ஓர் அலசல், பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் விருப்பங்கள் உறுதிப்பட்டு, நாற்பது வயதுவரை பெரும்பாலும் அப்படியே நிற்பதாகக் காட்டியது. வேலைதான் நகர்கிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த கம்பாசிட்டர் வேலையை நம் அச்சகங்களில் கணினியிலேயே பக்கம் அமைக்கும் டிடிபி வந்து துடைத்தெறிந்தது. அந்த வேலையில் எழுத்துப்பிழை கண்ணை உறுத்துவதும் பக்கம் நேராக அமைவதும் பிடித்திருந்தவருக்குக் கணினி முன்னாலும், மெய்ப்புத் திருத்துவதிலும் அதே ருசி கிடைக்கும். இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவதுதான் பிடித்திருந்தது என்றால் அவருடைய பாதை வேறு.

சரி, இதை ஜாதகம் மாதிரி நம்பலாமா? கூடாது. 1949இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் எழுதிய ஆய்வில் 39 மாணவர்களுக்கு 'உங்கள் குணக் குறிப்பு' என்று ஒரே தாளை, சோதிட நூல் வரிகளைக் கோத்துக் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. 'உங்களுக்குள் பயன்படாத திறமை நிறைய இருக்கிறது' என்று சொல்லும் எந்தச் சோதனையும் இப்படித்தான் நம்மை மயக்கும்.

இன்னொரு ஓட்டை: பிடிப்பது வேறு, வருவது வேறு. 2010இல் உளவியலாளர் சிமின் வஸீர் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் உள்பதற்றத்தை அவரே நன்றாகக் கணித்தார். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றை நண்பர்கள் அவரைவிடச் சரியாகக் கணித்தார்கள். ஆக, 'எதில் நான் கெட்டிக்காரன்?' என்ற கேள்வியை நம்மோடு வேலை பார்த்தவரிடம் கேட்பதுதான் நல்லது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று. ஸ்ட்ராங்கின் சோதனை 1974 வரை ஆண்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு வேறு தாள் என்றே இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கினாலும் பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. கடைசல் இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத பெண் 'கைவேலை' வரிகளில் 'பிடிக்காது' என்று போட்டால் அது விருப்பமா, அனுபவமின்மையா என்று சோதனைக்குத் தெரியாது. அந்த மாதிரி வரிகளைத் தனியாகக் குறித்து வைத்து, தெரிந்தவர் பட்டறையிலோ அலுவலகத்திலோ ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் விடை போடலாம்.