15-ஐக் கழற்றி 25-ஐ மாட்டினால் படகு எவ்வளவு ஓடும்?

மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் நிற்கும் 18 அடி பைபர் படகுகளில் 8 குதிரைவலு எஞ்சினையும் பார்க்கலாம், 25-ஐயும் பார்க்கலாம். படகு என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான். வலு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்று நினைத்துப் பழைய எஞ்சின் வாங்குபவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். 8-ஐ 15 ஆக்கினால் சுமையோடு போகும் படகில் பெரிய மாற்றமே தெரியாது. அதே படகு 25-இல் சட்டென்று பாயும்.

காரணம் எஞ்சினில் இல்லை, படகு எழுப்பும் அலையில் இருக்கிறது. ஓடும் படகு தண்ணீரைத் தள்ளி அலை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளமாகும். நீரில் படியும் நீளம் 5 மீட்டர் என்றால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அலையின் நீளமும் 5 மீட்டர் ஆகிவிடும்: ஒரு முகடு படகின் முன்பக்கமான அணியத்தில், அடுத்தது பின்பக்கத்தில். அதற்கு மேல் முடுக்கினால் பின்முகடு படகை விட்டு விலகிப் போகிறது. பின்பக்கம் பள்ளத்தில் இறங்க, அணியம் தூக்கிக்கொள்ளும். அப்புறம் படகு, மேடேறும் லொறி மாதிரி, தான் எழுப்பிய அலையிலேயே ஏறத் திணறும். 8-இலிருந்து 15-க்குப் போனவரின் கூடுதல் எரிபொருளெல்லாம் பெரும்பாலும் அலையை உயர்த்துவதிலேயே போய்விடும்.

இந்த மேட்டைத் தாண்டிவிட்டால் கதை வேறு. அடிப்பகுதியில் மோதும் நீரே படகைத் தூக்கிவிடுவதால் அது மிதப்பதை விட்டு நீரின்மேல் வழுக்க ஆரம்பிக்கும். ஒரு குதிரைவலுவுக்குச் சுமை ஏறத்தாழ 25 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு. ஆள், வலை, ஐஸ், எரிபொருள், படகு எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வையுங்கள். 15 குதிரைவலுவில் அது 40 கிலோ, 25-இல் 24. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடலாம். அங்கிருந்து 40 குதிரைவலுவுக்குப் போனால் வேகம் ஏறக்குறைய கால்பங்குதான் கூடும். வழுக்கும் படகின் வேகம் வலுவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எரிபொருளோ முழு முடுக்கத்தில் வலுவுக்கு நேராகக் கூடும். இதனால் 40 வீண் என்பதே என் எண்ணம்.

ஒரு நிபந்தனை: படகின் பின்பக்கம் தட்டையாக, கூர்மையான விளிம்போடு வெட்டுப்பட்டிருக்க வேண்டும். பின்னாலும் குவிந்து வளைந்த வள்ளத்தில் அந்த வளைவை ஒட்டியோடும் நீர் பின்பகுதியைக் கீழே இழுக்கும். அதற்கு 25 கொடுத்தாலும் பின்பக்கம் அமிழுமே தவிரப் பாயாது.

அடுத்தது புரொப்பெல்லர். 2.08 கியர் விகிதமுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 5500 முறை சுழன்றால் புரொப்பெல்லர் சுமார் 2640 முறை சுழலும். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் வழுக்காமல் முன்னேற வேண்டிய தூரம், 11 அங்குலமானால் கணக்குப்படி வேகம் மணிக்கு 44 கிலோமீட்டர். நீரில் வழுக்கல் 20 சதவீதத்துக்கு மேலும் போகும் என்பதால் கையில் கிடைப்பது 33, 35. பழைய எஞ்சினோடு வருவது முந்தைய படகுக்குப் பொருந்திய புரொப்பெல்லர். அது இலேசான படகில் 13 அங்குலத்தோடு ஓடியதென்றால் உங்கள் சுமையில் முழு முடுக்கத்திலும் 300, 400 சுற்று குறையும். எஞ்சின் திணறிக்கொண்டே ஓடும், சூடாகும், கரி பிடிக்கும். பிட்சை ஓரிரு அங்குலம் குறைத்துப் பாருங்கள். பெரிய எஞ்சினுக்கு மாறுவதைவிட அது மலிவு.

எஞ்சினின் மேல்மூடியில் எழுதியிருக்கும் குதிரைவலு எண் புதிதாக இருந்தபோது உண்மை. பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் வலு அதிலும் குறையும். வாங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை மானி வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேண்டாம். கியர் எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருந்தால் சீல் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஓடும்போது பின்னால் பீய்ச்சும் நீர் மெலிந்திருந்தால் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம், உள்வழிகளில் உப்பும் அடைத்திருக்கலாம். முன்னது சின்ன வேலை, பின்னது தலைவலி.

கடைசியாக, எஞ்சினை மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பைபருக்குள் இருக்கும் மரம் உளுத்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். புது எஞ்சினின் கூடுதல் எடையும் தள்ளும் விசையும் விழுவது அந்தப் பலகையில்தான்.