பின்மாற்றம்னா என்ன? இரட்சிப்பு போயிடுமான்னு கேக்குறதுக்கு முன்னாடி

சர்ச்சுக்கு ஒருத்தர் நாலு வாரம் வரலைன்னா போதும், "அவர் பின்மாற்றத்துல போயிட்டார்"னு சொல்லிடுவாங்க. குடிக்க ஆரம்பிச்சவருக்கும் அதே சொல், ஜெபம் பண்ற பழக்கம் விட்டுப்போனவருக்கும் அதே சொல், இயேசுவாவது ஒண்ணாவதுன்னு வெளிப்படையா சொல்லிட்டுப் போனவருக்கும் அதே சொல். அப்புறம் கேள்வி வரும், பின்மாற்றத்துல போனவனோட இரட்சிப்பு, அதாவது பாவத்துல இருந்து கடவுள் தந்த விடுதலை, போயிடுமா போகாதான்னு. ரெண்டு பக்கமும் வசனத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க, ஆனா "நீ எந்த பின்மாற்றத்தைச் சொல்ற"ன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. என் கணக்குல இந்த சண்டையில பாதி, சொல்லால வர்ற சண்டைதான்.

சொல்லைப் பிரிச்சா சுலபம், பின் + மாற்றம். முன்னாடி போய்க்கிட்டிருந்தவன் பின்பக்கமா மாறிட்டான். இங்க இருக்கிறது சாதாரண மாறுதல். பின்மாற்றம்ங்கற அந்த சர்ச் சொல்லு, இங்கிலீஷ்ல பேக்ஸ்லைடிங்னு சொல்றாங்களே, அதோட வேலையைத்தான் தமிழ்ல செய்யுது. அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு பின்னாடி சறுக்குறதுன்னு அர்த்தம். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல இது பழைய ஏற்பாட்டுல மட்டும்தான் வருது, பெரும்பாலும் எரேமியாவுலயும் ஓசியாவுலயும், புதிய ஏற்பாட்டுல ஒரு இடத்துல கூட இல்ல. புதிய ஏற்பாட்டு விசுவாசியோட இரட்சிப்பைப் பத்தி பேசும்போது நாம வாய்க்கு வாய் சொல்ற சொல்லுக்கு அடிப்படை எல்லாம் பழைய ஏற்பாட்டுல இருக்கு, இதை முதல்ல மனசுல வெச்சுக்கணும்.

சரி, பழைய ஏற்பாட்டோட மூல மொழியான எபிரெயத்துல அந்த சொல் என்ன? மெஷுவா. இதோட வேர் ஷூவ், அப்படின்னா திரும்பு. இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இருக்கு, மனந்திரும்புதலுக்கு யூதர்கள் சொல்ற சொல் தெஷுவா, அதுக்கும் இதே ஷூவ்தான் வேர். கடவுளை விட்டுத் திரும்பிப் போறதும் கடவுள்கிட்ட திரும்பி வர்றதும் ஒரே வேர்ல இருந்து பிறக்குது. எரேமியா 3:22ல மூலத்துல மூணு சொல் அடுத்தடுத்து இதே வேர்ல வந்து விழும், கேக்கவே ஒரு சொல்விளையாட்டு மாதிரி இருக்கும். நம்ம பழைய மொழிபெயர்ப்புல அது "சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் சீர்கேடுகளைக் குணமாக்குவேன்"னு ஆயிடுச்சு. சீர்கேடு தப்பான சொல் இல்ல, ஆனா சீர்கேடுன்னா ஒரு பொருள் கெட்டுப்போன நிலைமை, மெஷுவான்னா ஒரு ஆள் முகத்தைத் திருப்பிக்கிட்ட திசை. கெட்டுப்போன பாலைத் திரும்ப நல்ல பாலாக்க முடியாது, திரும்பிப் போனவன் திரும்பி வரலாம். தமிழ்ல படிக்கிறவனுக்கு அந்தத் திசை போய்டுது, கெட்டுப்போனதுங்கற பயம் மட்டும் மிஞ்சுது.

இப்ப புதிய ஏற்பாட்டோட மூல மொழியான கிரேக்கத்துக்கு வருவோம். இங்க சொல் ஒண்ணு இல்ல, பல சொல் இருக்கு. பெரிய சொல் அபொஸ்தாசியா. அபொன்னா விட்டு, விலகி. ஸ்தாசிஸ்னா நிற்றல். ரெண்டையும் சேர்த்தா விலகி நிற்றல், அவ்வளவுதான். கிரேக்க உலகத்துல இது முதல்ல அரசியல் சொல், ஒரு ராஜாவுக்கு அடங்கி இருந்தவங்க அவன்கிட்ட இருந்து பிரிஞ்சு கலகம் பண்றது. புதிய ஏற்பாட்டுல இந்தப் பெயர்ச்சொல் ரெண்டே ரெண்டு தடவைதான் வருது. அப்போஸ்தலர் 21:21ல பவுல் மேல ஒரு புகார், யூதர்களை "மோசேயைவிட்டுப் பிரிந்துபோகும்படி" போதிக்கிறார்னு, அது ஒண்ணு. 2 தெசலோனிக்கேயர் 2:3ல "விசுவாச துரோகம் முந்தி நேரிட்டு"ன்னு வருது, அது ரெண்டாவது. பாருங்க, ஒரே சொல், ஒரு இடத்துல பிரிஞ்சு போறது, இன்னொரு இடத்துல துரோகம். இதோட வினைச்சொல் லூக்கா 8:13ல, இயேசு சொன்ன விதைக்கிறவன் கதையில பாறை மேல விழுந்த விதைக்கு வருது, அங்க தமிழ் "பின்வாங்கிப்போகிறார்கள்". 1 தீமோத்தேயு 4:1ல "விசுவாசத்தை விட்டு விலகிப்போவார்கள்". கிரேக்கத்துல ஒரு குடும்பம், தமிழ்ல துரோகம், பிரிதல், விலகல், பின்வாங்கல்னு நாலு வீடு. மொழிபெயர்த்தவங்களைக் குத்தம் சொல்லல, இடத்துக்குத் தகுந்த மாதிரி அவங்க சொல்லைத் தேர்ந்தெடுத்தாங்க, ஆனா துரோகம்ங்கற சொல்லுல ஒரு வன்மம் இருக்கு, லூக்கா 6:16ல, காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைத்தான் துரோகின்னு எழுதியிருக்கு, அதைப் படிச்ச பழக்கத்துல விசுவாச துரோகம்னு கேட்டா நமக்கு முப்பது வெள்ளிக்காசுதான் ஞாபகம் வருது, சோதனை தாங்காம மெல்ல காய்ஞ்சுபோன அந்த பாறை விதை ஞாபகம் வர்றதில்ல.

அடுத்தது புதிய ஏற்பாட்டுல எபிரெயர் நிருபம் (கடிதம்) 6:4-6, இந்த விவாதத்துல எல்லாரும் கடைசியா வந்து முட்டிக்கிற சுவர். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, அப்புறம் "மறுதலித்துப்போனவர்கள்" இருக்காங்களே, அவங்களை மனந்திரும்புறதுக்கு மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம், அதாவது முடியாத காரியம்னு வருது. மறுதலிக்கிறதுன்னு படிச்ச உடனே தமிழ் வாசகனுக்கு யார் ஞாபகம் வரும்? பேதுரு. சேவல் கூவுறதுக்கு முன்னாடி இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தரம் மறுதலிச்ச சீஷர். அப்ப பேதுரு திரும்பி வந்தது எப்படி, அவரைப் புதுப்பிச்சது எப்படின்னு ஒரு குழப்பம் வரும், எனக்கு ரொம்ப வருஷம் இருந்துச்சு. கிரேக்கத்தைப் பார்த்தா அது வேற சொல். பேதுருவுக்கு வர்றது ஆர்னேயோமாய்ங்கற சொல்லும் அதோட சேர்ந்த சொல்லும், அதாவது தெரியாதுன்னு சொல்றது, இல்லைன்னு மறுக்கிறது. எபிரெயர் 6:6ல இருக்கிறது பாராபிப்தோ, பக்கமா விழறது, வழி தவறி விழறது, புதிய ஏற்பாட்டுல இந்த ஒரு இடத்துல மட்டும்தான் வருது. ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல் போட்டதால பேதுருவோட பயத்துல வந்த பொய்யும் எபிரெயர் நிருபம் சொல்ற அந்த விழுகையும் ஒண்ணாத் தெரியுது. பேதுருவுக்கு இயேசு முன்கூட்டியே சொன்னது லூக்கா 22:32ல இருக்கு, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" வேண்டிக்கிட்டேன், "நீ குணப்பட்டபின்பு" உன் சகோதரரை ஸ்திரப்படுத்துன்னு. அந்தக் குணப்படுறதுக்கு கிரேக்கத்துல திரும்புறதுன்னு அர்த்தம், திரும்பவும் அந்த ஷூவ் வாசனை.

எபிரெயர் 10:38ல "பின்வாங்கிப்போவானானால்"னு வர்றது இன்னொரு சொல், ஹூப்போஸ்தெல்லோ, ஒடுங்கிப் பின்னால போறது, பாயை இறக்குறதுக்கும் சொல்வாங்க. கலாத்தியர் 5:4ல "கிருபையினின்று விழுந்தீர்கள்"னு இருக்கு, அந்த வினைச்சொல்லைத்தான் யாக்கோபு 1:11ல பூ உதிர்றதுக்குப் போட்டிருக்கு. இதுல ஒரு வேடிக்கை, கிருபையில இருந்து விழறதுன்னா நாம குடி, கூத்துன்னு நினைக்கிறோம், பவுல் அங்க திட்டுறது விருத்தசேதனம் பண்ணி நியாயப்பிரமாணத்தால, அதாவது மோசேயோட சட்டத்தைக் கைக்கொண்டு, நீதிமான் ஆகப் பாக்குற ரொம்ப பக்தியான ஆட்களை.

சொல்லைப் பிரிச்சுப் பாக்குற வேலையை சபை ரொம்ப காலம் முன்னாடியே செஞ்சிருக்கு. கி.பி. 250ல ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலி போட்டு சர்டிபிகேட் வாங்கணும்னு உத்தரவு போட்டான். பல கிறிஸ்தவங்க பயந்து பலி போட்டாங்க, சிலர் பலி போடாமலே காசு கொடுத்து சீட்டு மட்டும் வாங்கினாங்க. இவங்களுக்கு லத்தீன்ல லாப்சி, வழுக்கி விழுந்தவங்கன்னு பேர். துன்பம் அடங்கினதும் திரும்பி வந்து கதவைத் தட்டினாங்க. நொவாத்தியன்ங்கறவர் சேர்க்கவே கூடாதுன்னார், கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் பலி போட்டவன் வேற, சீட்டு வாங்கினவன் வேறன்னு பிரிச்சு, விசாரிச்சுத் திரும்பச் சேர்க்கிற பக்கம் நின்னார். ஒரே சொல்லுக்குள்ள எல்லாரையும் அடைக்கலை.

அப்புறம் சபைகள் பிரிஞ்ச பிறகு ஆளுக்கொரு முடிவு. லூத்தரன் பக்கம் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையிலயே, ஒருதரம் நீதிமானானவன் பரிசுத்த ஆவியை இழக்க மாட்டான்னு சொல்றவங்களை மறுத்துட்டாங்க. கத்தோலிக்கர் 1547ல திரெந்து சங்கத்துல (சபைத் தலைவர்கள் கூடின மாநாடு) சாவான பாவத்தால, அதாவது தெரிஞ்சே செய்யுற பெரிய பாவத்தால, கிருபை போகும், விசுவாசம் போகாமலே கூட கிருபை போகலாம், குருகிட்ட பாவத்தை அறிக்கை பண்ற பாவசங்கீர்த்தனத்தால திரும்பக் கிடைக்கும்னாங்க. சீர்திருத்தவாதி கால்வின் வழிக்காரங்க நெதர்லாந்துல நடந்த 1618-19 தோர்த் சங்கத்துல, உண்மையா தேவன் தெரிந்துகொண்டவங்க விழுவாங்க ஆனா முழுசா, முடிவா விழ மாட்டாங்கன்னாங்க. அவங்களை எதிர்த்த, அர்மீனியஸ்ங்கற டச்சு இறையியலாளரோட சீஷர்கள் 1610ல எழுதின அஞ்சாவது கருத்துல, விசுவாசி விழுந்துபோக முடியுமாங்கறதை வேதத்துல இன்னும் ஆராய்ஞ்சு பாக்கணும்னு முடிவு சொல்லாமத்தான் விட்டிருந்தாங்க, இரட்சிப்பு போகலாம்னு அடிச்சுச் சொன்னது அப்புறம்தான். இன்னைக்கு அர்மீனியன்னாலே இரட்சிப்பு போகும்ங்கறவன்னு நாம முத்திரை குத்துறோம்.

தோர்த் காரங்க கருத்துக்கு தமிழ்ல பரிசுத்தவான்களின் விடாமுயற்சின்னு ஒரு மொழிபெயர்ப்பு ஓடுது, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. விடாமுயற்சின்னா மனுஷன் பல்லைக் கடிச்சுக்கிட்டு முயற்சி பண்றது, அவங்க சொல்ல வந்ததோ தேவன் பிடிச்சுக்கிறதால இவன் நிக்கிறான்ங்கறது, யோவான் 10:28ல "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை"ன்னு இருக்கிற மாதிரி. நிலைத்திருத்தல்னு நம்மகிட்டயே நல்ல சொல் இருக்கு, யோவான் 15 முழுக்க அதுதான். அப்படி வெச்சா இன்னொரு வசதியும் உண்டு, அபொஸ்தாசியா விலகி நிற்றல், இது நிலைத்து நிற்றல், ரெண்டுலயும் நில்தான். அப்ப கேள்வி தெளிவாகுது: விலகி நிக்கிறவன் எப்பவாவது நிலைச்சு நின்னவனா? 1 யோவான் 2:19 "நம்முடையவர்களாயிருந்தார்களானால் நம்முடனே நிலைத்திருப்பார்களே"ங்குது, கால்வின் பக்கம் இதைப் பிடிச்சுக்கும். பரிசுத்த ஆவியைப் பெற்று ருசிபார்த்தவன் நின்னவன் இல்லாம வேற யாருன்னு எபிரெயர் 6ஐ வெச்சு எதிர்ப்பக்கம் கேக்கும். நான் எந்தப் பக்கம்னு கேட்டா, யோவான் 10 பக்கம் சாயுறவன், ஆனா எபிரெயர் 6ஐ வெறும் பேருக்குக் கிறிஸ்தவன் ஆனவனுக்கு எழுதினதுன்னு தள்ளிவிடுறவங்களை என்னால ஒத்துக்க முடியல, அந்த எச்சரிக்கை சபைக்குள்ள உக்காந்து கேக்குறவனைப் பாத்துத்தான் பேசுது.

இழக்கிறதுன்னு நாம சொல்ற வினையும் கொஞ்சம் கவனிக்கணும். இரட்சிப்பை இழந்தான்னு அப்படியே ஒரு வசனமும் இல்ல. 2 யோவான் 8ல இழந்துபோறது "செய்கைகளின் பலனை". 1 கொரிந்தியர் 3:15ல கட்டினது வெந்துபோனவன் "நஷ்டமடைவான், அவனோ இரட்சிக்கப்படுவான்". இழக்கிறதுன்னதும் பையில இருந்து பர்ஸ் விழுந்த மாதிரி ஒரு படம் மனசுல வருது, வேதத்துல இருக்கிற படமோ விழறது, விலகுறது, திரும்புறது, எல்லாமே ஆள் பண்றது, பொருள் தொலையுறது இல்ல. கத்தோலிக்கத் திருவிவிலியத்துல இரட்சிப்புக்குப் பதிலா மீட்புன்னு வருது, இரட்சிப்பு காப்பாத்துறதுங்கற வடசொல்ல இருந்து வந்தது, மீட்பு மீள்ங்கற தமிழ் வேர். மீள்னாலும் திரும்பி வர்றதுதான்.

சரி, பின்மாற்றத்துக்கு சரியான தமிழ் என்ன? ஒரே சொல் தேடினா கிடைக்காது, தேடவும் கூடாது. ஜெபம் குறைஞ்சு சோர்ந்துபோனவருக்கு பின்வாங்கல் போதும், நீதிமொழிகள் 14:14லயே "பின்வாங்கும் இருதயமுள்ளவன்"னு இருக்கு. பயத்துல இல்லைன்னு சொன்னதுக்கு மறுதலிப்பு. கிறிஸ்துவே வேண்டாம்னு முடிவெடுத்துப் போனதுக்கு விசுவாச விலகல், துரோகம்னு சொல்லியே ஆகணும்னு இல்ல. பின்மாற்றக்காரன்ங்கற சொல்லை மட்டும் விட்டுடலாம், காரன் சேர்ந்தா அதுவே அவன் தொழில் மாதிரி ஆயிடுது. எரேமியாவுல கடவுள் கூப்பிடும்போது கூட சீர்கெட்டங்கற அடைமொழிக்குப் பின்னாடி பிள்ளைகளேன்னுதான் வருது. பிள்ளை எப்பவும் பிள்ளைதானேன்னு ஒரு பக்கம் அந்த சொல்லைக் காட்டும், அடுத்த சொல் திரும்புங்கள்னு இருக்கே, திரும்பலைன்னா என்னன்னு இன்னொரு பக்கம் கேக்கும்.