கோழிமுட்டையின் மேலுறை: கழுவுவதற்கு முன் அறிய வேண்டியவை

வீட்டில் வளரும் கோழி இட்ட முட்டையில் எச்சமோ மண்ணோ ஒட்டியிருந்தால், அதை உடனே குழாய் நீரில் கழுவிவிடுவதுதான் தூய்மை என்று பலரும் கருதுகிறோம். ஆனால் ஓட்டின்மேல் காய்ந்து கிடக்கும் சிறிதளவு அழுக்கைவிட, அதைப் போக்க ஊற்றும் குளிர்ந்த நீர்தான் பெரும்பாலும் முட்டைக்குக் கூடுதல் தீங்கு செய்கிறது. இதற்கான காரணம் ஓட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

கோழிமுட்டையின் ஓடு ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் தடிமன் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். உள்ளே உருவாகக்கூடிய குஞ்சு மூச்சுவிட வேண்டும் என்பதால், அந்த ஓட்டில் பல்லாயிரக்கணக்கான நுண்துளைகள் அமைந்துள்ளன. அவை அகன்ற முனையில் நெருக்கமாகவும் கூர்முனையில் அரிதாகவும் இருக்கின்றன. காற்று போய்வரும் வழியில் கிருமியும் நுழைய முடியும் அல்லவா? அதைத் தடுப்பதற்காகவே, முட்டை வெளிவருவதற்கு முந்தைய கடைசி ஓரிரு மணி நேரத்தில், கோழியின் கருப்பையிலேயே ஓட்டின்மேல் புரதத்தாலான மெல்லிய உறை ஒன்று பூசப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட இந்த மேலுறை, துளைகளின் வாயை மூடி நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதேசமயம் வாயுக்கள் மெதுவாகக் கடந்துசெல்ல இடமும் தருகிறது.

முட்டை இடப்பட்ட நேரத்தில் இந்த உறை ஈரமாக இருக்கும். காய்ந்து இறுக அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களில்தான் முட்டைக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கோழியின் உடலிலிருந்து வெளிவந்த முட்டை குளிரத் தொடங்கும்போது, உள்ளே இருக்கும் வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் சுருங்குகின்றன. அதனால் ஏற்படும் இழுவிசையில் வெளிக்காற்று துளைகள் வழியாக உள்ளே புகுந்து, அகன்ற முனையில் இரண்டு சவ்வுகளுக்கு இடையே காற்றறையை உருவாக்குகிறது. முட்டை விழுந்த இடம் ஈர எச்சமாக இருந்தால், காற்றோடு சேர்ந்து கிருமிகளும் அதே வழியில் உள்ளே செல்லும். ஆகவே முட்டையின் தூய்மையைத் தீர்மானிக்கும் முதல் இடம், கோழி முட்டையிடும் பெட்டிதான். அதில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் மாற்றி, கோழிகள் இரவில் அதற்குள் அடையாமல் பார்த்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு முறையேனும் முட்டைகளை எடுத்துவிட்டால், சுத்தம் செய்யும் வேலையே பெரும்பாலும் மிஞ்சாது.

அப்படியும் அழுக்குப் படிந்திருந்தால், வீட்டளவில் உலர் முறையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. உலர்ந்த துணியாலோ மென்மையான தூரிகையாலோ அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுக்கலாம். விடாப்பிடியான கறைக்கு நயமான உப்புத்தாள் போதும், ஆனால் தேய்த்த இடத்தில் மேலுறையும் போய்விடும் என்பதால் அந்த முட்டையை முதலில் பயன்படுத்த வேண்டும்.

கழுவியே ஆக வேண்டிய நிலையில், நீரின் வெப்பநிலைதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. குளிர்ந்த நீரில் முட்டையை இட்டால், முதல் முறை குளிர்ந்தபோது நிகழ்ந்த அதே சுருக்கம் மீண்டும் நிகழ்கிறது. இம்முறை உள்ளே இழுக்கப்படுவது காற்று அல்ல, அழுக்கு கரைந்த நீர். அதனால் நீர் முட்டையைவிட 11 டிகிரியேனும் கூடுதல் சூடாகவும், குறைந்தது 32 டிகிரியாகவும் இருக்க வேண்டும். ஊறவைக்காமல், ஓடும் வெதுவெதுப்பான நீரில் விரைந்து கழுவி, உடனே முழுமையாக உலர்த்த வேண்டும்.

நீரில் இரும்புச்சத்து மிகுந்திருப்பதும் கேடு என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்கருவில் உள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம், இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, அது கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது. கழுவும் நீரின் வழியாக இரும்பு உள்ளே சென்றால் அந்தக் காப்பு தளர்ந்துபோகிறது. வெள்ளைக்கருவுக்கு வேறு காவல்களும் உண்டு: லைசோசைம் என்னும் புரதம் சில பாக்டீரியாக்களின் செல்சுவரை உடைக்கிறது, இட்டபோது 7.6 அளவில் இருக்கும் அமிலகாரக் குறியீடு (pH), கரியமில வாயு வெளியேற வெளியேற 9-ஐத் தாண்டுவதால், பல கிருமிகளால் அதில் பெருக முடிவதில்லை. ஆனால் நாள்பட நாள்பட அடர்த்தியான வெள்ளைக்கரு நீர்த்து, மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வும் வலுவிழக்கும்போது, சத்து நிறைந்த மஞ்சள்கரு கிருமிகளுக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிடுகிறது. முட்டையை அகன்ற முனை மேலாக வைக்கச் சொல்வதும் இதை ஒட்டியதே. காற்றறை மேலே நிலைத்திருக்க, மஞ்சள்கரு அதிலிருந்து விலகி நடுவில் நிற்கும்.

மேலுறை சிதையாத முட்டையைக் குளிர்ந்த, வெயில் படாத அறையில் சில நாள்கள் வைத்திருக்கலாம். வெப்பமான காலத்தில் குளிர்பதனப் பெட்டியே பாதுகாப்பானது. கழுவும்போது மேலுறை சிதைந்துவிடுவதால், கழுவிய முட்டையை அறையில் வைக்கும் தேர்வே கிடையாது. அமெரிக்காவில் வணிக முட்டைகளைக் கழுவி 7 டிகிரிக்குமேல் போகாத குளிரில் வைப்பதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டைகளைக் கழுவக் கூடாது என்பது பொது விதியாக இருப்பதும் முரண்போலத் தோன்றினாலும், இரண்டும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்த ஏற்பாடுகள்தாம். ஒருமுறை குளிரில் வைத்த முட்டையை வெளியே எடுத்து நெடுநேரம் விட்டுவிடக் கூடாது. காற்றிலுள்ள ஈரம் ஓட்டின்மேல் வியர்வையாகப் படிந்து, கிருமிகள் நகர்வதற்கு வேண்டிய நீரைத் தந்துவிடும்.

சேவலோடு திரியும் கோழிகளின் முட்டைகள் கருவுற்றிருக்கக்கூடும். சூழல் ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டினால் கரு மெல்ல வளரத் தொடங்கும் என்பதால், அவற்றை விரைவில் குளிரில் வைப்பது நல்லது.

நீரில் இட்டுப் பார்க்கும் சோதனை முட்டையின் வயதை மட்டுமே காட்டுகிறது. துளைகள் வழியாக ஈரம் ஆவியாக ஆகக் காற்றறை பெரிதாகிறது. அதனால் புதியது அடியில் படுத்திருக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும். சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி கோழியின் சினைப்பையிலிருந்தே, ஓடு உருவாவதற்கு முன்னரே, முட்டைக்குள் புகுந்திருக்கக்கூடும் என்பதையும், அது மணத்தாலோ நிறத்தாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் நன்கு கெட்டியாகும்வரை, அதாவது உட்பகுதி 71 டிகிரியை எட்டும்வரை வேகவைப்பதுதான் அதற்கு எதிரான நம்பகமான வழி. விரிசல் விட்ட முட்டையில் மேலுறையும் ஓடும் சேர்ந்தே திறந்துவிடுகின்றன. அது எப்போது விரிந்தது என்று தெரியாவிட்டால் எறிந்துவிட வேண்டும்.