வெள்ளெழுத்து வந்த பிறகு எதில் வாசிப்பது?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கண் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு சேர் அண்மையில் வந்தார். "வாசிப்பே விட்டுப்போச்சு தம்பி. மகன் கிண்டில் ஒன்னு அனுப்பியிருக்கான். அது கண்ணைக் கெடுத்துடுமோன்னு பயமா இருக்கு" என்றார். பார்த்தால் வெறும் வெள்ளெழுத்து, வயதாக ஆகக் கிட்டத்து எழுத்து மங்கும் குறைதான். பத்து வருடப் பழைய கண்ணாடியோடு சமாளித்திருக்கிறார்.

போனையும், மின்புத்தகம் வாசிக்கும் கருவியான கிண்டிலையும் ஒன்றாக நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். போன் திரை தானே ஒளிர்வது. அதை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து, கண் காய்ந்து எரியும். கிண்டில் திரையில் நுண்ணிய கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலெழுந்து எழுத்தாக நிற்கின்றன. தாளைப் போலவே வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் அதை வாசிக்கலாம். பக்கம் மாறும்போதுதான் அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும். கருவிக்குள் இருக்கும் விளக்கைக் குறைத்து வைத்தால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனதை நாம் மறக்கவில்லையே.

எனக்குப் பெரிய விஷயம் எழுத்தின் அளவு. தமிழ் அச்சு சிறுத்தால் புள்ளி மறைந்துவிடும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகத் தெரியும், ணகரமும் னகரமும் குழம்பும். ஒவ்வொரு சொல்லையும் ஊகித்து ஊகித்து வாசிப்பவருக்குக் கதையில் எப்படி மனம் போகும்? நாற்பது தாண்டிய பலர் அலுப்பு என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவைத்திருப்பது இதனால்தான். கருவியில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மறுபதிப்பே காணாத மலையக நூல்கள் பலவற்றை, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். அங்கே பெரும்பாலானவை பக்கத்தை அப்படியே படம்பிடித்த பிடிஎஃப். ஆறங்குலத் திரையில் முழுப் பக்கமும் சுருங்கிப்போகும், பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். அவற்றுக்குப் பெரிய டெப் அல்லது கணினிதான் சரி.

பிள்ளைகளுக்கு நான் தாள் புத்தகத்தைத்தான் சொல்வேன். போன் கையில் வந்தால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையின் மங்கல் பல்பில் வாசித்தால் கண் கெட்டுப்போகாது, களைத்துப்போகும். பகலில் வாசலில் உட்கார்ந்து வாசிக்கட்டும். மழை மாதங்களில் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நம்மூர் ஈரத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடித்துவிடும்.

சேருக்குப் புதுக் கண்ணாடி எழுதிக்கொடுத்தேன். அடுத்த முறை வரும்போது கிண்டிலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாசிக்கிற புத்தகத்தையோ கருவியையோ கையோடு கொண்டுவாருங்கள். எவ்வளவு தூரத்தில் பிடித்து வாசிக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் பவர் எழுத வேண்டும்.